காரணம் கூறும் குரலும் காட்சியாகும் வன்முறையும்: பாமாவின் 'சங்கதி'யை முன்வைத்து

பாமாவின் 'சங்கதி' (1994) குறித்துத் தமிழில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு விளக்கம் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறுகிறது. வயற்காட்டில் நிலவுடைமையாளரிடம் அவமானப்படும் ஆண், அங்குக் காட்ட இயலாத சினத்தை வீட்டில் மனைவிமீது காட்டுகிறான் என்பதே அது. இதற்கு நாவலில் ஆதாரம் உண்டு. கதைசொல்லியின் குரல் இக்கருத்தை வெளிப்படையாகவே முன்வைக்கிறது. உளவியலார் இதனை இடப்பெயர்வு என்பர். ஆயின், நாவலில் வரும் அடிதடிக் காட்சிகள் இவ்விளக்கத்துள் அடங்குகின்றனவா என்பதைச் சோதித்தவர் குறைவு. காரணம் கூறும் வரியை மேற்கோளாக எடுத்துக்கொண்டு, காட்சியைக் கதைச்சுருக்கமாகக் கடந்துபோவதே வழக்கமாகிவிட்டது.

இது பனுவல் வாசிப்பு சார்ந்த சிக்கல் மட்டுமன்று. அவமானமே அடிக்குக் காரணம் என்று நிறுத்தினால், அடிப்பவனின் பொறுப்பு பாதியாகக் குறைகிறது. ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் முரடர்கள் என்னும் பழைய வசைக்கும் ஆய்வுச் சாயம் பூசப்பட்டுவிடுகிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), திருமணமான 18 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் இந்திய அளவில் 29.3 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 38.1 விழுக்காட்டினரும் கணவரின் வன்முறையை எதிர்கொண்டுள்ளனர். இத்துணைப் பரந்துபட்ட ஒன்றைச் சேரி ஆண்களின் வயற்காட்டு அவமானத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

இங்கு 'இடர்க்காரணி' என்னும் கலைச்சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்வது தேவை. வன்முறை நிகழும் வாய்ப்பைக் கூட்டுவது இடர்க்காரணி; அது இருந்தால் வன்முறை நிகழ்ந்தே தீரும் என்பது பொருளன்று. மேற்கண்ட ஆய்வையே காட்டாகக் கொள்ளலாம். அடிக்கடி குடித்து வெறிக்கும் கணவரை உடைய பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். குடிப்பழக்கமே இல்லாத கணவரை உடையோரிலும் இது 23 விழுக்காடு. முதல் எண் குடியின் வலிமையைக் காட்டுகிறது. இரண்டாம் எண் அதன் எல்லையைக் காட்டுகிறது. நம் கட்டுரைகள் முதல் எண்ணோடு நின்றுவிடுகின்றன.

இனி நாவலுக்கு வருவோம். மாரியம்மாவின் கதையில் மாணிக்கம் குடிகாரன், மனைவியை அடிப்பவன். குடி என்னும் ஒரே காரணியில் இக்கதையை முடித்துவிடலாம். ஆனால் பாமா கதையை அங்கிருந்து தொடங்கவில்லை. பம்புசெட் அறையில் நிலவுடைமையாளர் மாரியம்மாவைப் பலவந்தப்படுத்த முயல்கிறார்; அவள் தப்புகிறாள். தம்மைக் காத்துக்கொள்ள அவர் அவள்மீதே பழி சுமத்தி, மாணிக்கத்தோடு இணைத்துப் பேசுகிறார். ஊர்க்கூட்டம் அவளுக்கு 200 ரூபாயும் அவனுக்கு 100 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. தந்தை அவளைக் கூட்டத்தில் அடிக்கிறார். பின்னர் அவனுக்கே அவளை மணமுடித்து வைக்கின்றனர். லோரி ஹைஸ் 1998இல் முன்வைத்த சூழலியல் மாதிரி, தனிமனிதர், உறவு, சமூகம், பண்பாடு என்னும் அடுக்குகளில் காரணிகளைத் தேடச் சொல்கிறது. மாரியம்மா வாங்கும் அடியில் இவ்வடுக்குகள் யாவும் உள்ளன. மாணிக்கத்தின் கை ஓங்குவதற்கு முன்னரே, அவள் சொல் செல்லாது என்று ஊர் தீர்ப்பளித்துவிட்டது. ஒரே குற்றச்சாட்டுக்குப் பெண்ணுக்கு இருமடங்கு தண்டம் என்னும் கணக்கு, எந்த உளவியல் வினாநிரலிலும் இடம்பெறாத இடர்க்காரணி.

தாயியின் கதை இடப்பெயர்வு விளக்கத்தை மேலும் நெருக்கடிக்குள்ளாக்குகிறது. அவள் கணவன் அவளை பெல்டால் அடிக்கிறான். அது வழக்கமாக நடப்பது. ஒரு கட்டத்தில் அவள் கூந்தலை அறுத்து வீட்டு வாசலில் தொங்கவிடுகிறான். சினம் தலைக்கேறியவன் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம். அறுத்த கூந்தலை ஊர் பார்க்கும் இடந்தேர்ந்து கட்டித் தொங்கவிடுவதற்கு நிதானம் வேண்டும், பார்வையாளரும் வேண்டும். மைக்கேல் ஜான்சன் 1995இல், சச்சரவின் போக்கில் வெடிக்கும் வன்முறையையும் துணையை முழுமையாக ஆள்வதற்குக் கையாளப்படும் வன்முறையையும் வேறுபடுத்தினார். இவான் ஸ்டார்க் 2007இல் பின்னதனை வலுக்கட்டாயக் கட்டுப்பாடு என விரித்துரைத்தார். தாயியின் வாசலில் தொங்குவது பின்னதன் அடையாளம்.

அவனுக்கு ஓர் ஆளுமைக் கோளாற்றின் பெயரைச் சூட்டிவிடும் ஆசை இவ்விடத்தில் எழக்கூடும். ஜேக்கப்சனும் காட்மனும் 1990களில், வாக்குவாதத்தின்போது இதயத் துடிப்பு குறையும் கணவர்களைத் தனிவகையாகப் பிரித்துப் புகழ்பெற்றனர். பின்வந்த ஆய்வுகளில் அம்முடிவு உறுதிப்படவில்லை. உயிருள்ள மனிதரிடத்திலேயே நிலைக்காத வகைப்பாட்டைக் கதைமாந்தர்மீது ஏற்றுவது வீண்வேலை.

அதைவிட அடிப்படையான தடை ஒன்று நாவலின் வடிவத்திலேயே உள்ளது. 'சங்கதி' பெண்கள் பேசும் பேச்சு. பாட்டியும் பேத்தியும் அண்டை வீட்டாரும் சொல்லிக்கொள்பவை. மாணிக்கத்தின் மனத்துள் என்ன ஓடியது என்பது இப்பேச்சுக்கு வெளியே கிடக்கிறது. ஆகவே 'அவமானத்தால் அடிக்கிறான்' என்பது அடிப்பவனின் வாக்குமூலம் ஆகாது. அடிபடுவோர் தம் வாழ்வைப் பொறுத்துக்கொள்ளவும் புரிந்துகொள்ளவும் உருவாக்கிய விளக்கம் அது. அந்த அளவில் அது மதிக்கத்தக்கது. ஆண் உளவியலுக்குச் சான்றாக அதனை எடுத்தாள முடியாது. அதே வயலில், குறைந்த கூலிக்கு, அதே வசவைப் பெண்களும் வாங்குகின்றனர். அவமானம் மட்டுமே கையை ஓங்கச் செய்யுமெனில் அவர்கள் யாரை அடித்திருக்க வேண்டும் என்னும் எளிய வினாவையும் இடப்பெயர்வு விளக்கம் எதிர்கொள்வதில்லை. பெண்களின் மன அழுத்தம் பேய் பிடித்தலாக வெளிப்படுகிறது என்று நாவல் குறிப்பால் உணர்த்துவது தனியே விரிவாக ஆராயத்தக்கது.

ராக்கம்மாவின் காட்சியையும் இந்நோக்கில் மீள வாசிக்க வேண்டும். கணவன் அடிக்க, அவள் தெருவில் நின்று கூசாத சொற்களால் அவனை ஏசுகிறாள். கூட்டத்தின் முன் சேலையையும் தூக்கிக் காட்டுகிறாள். அருவருப்போடு நோக்கும் கதைசொல்லி, அப்படி நடந்திராவிட்டால் அவள் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கும் என்பதைப் பின்னர் உணர்கிறாள். திறனாய்வாளர் பலர் இதனை எதிர்ப்பு மொழி என்று கொண்டாடுகின்றனர். கொண்டாட்டம் சற்று அவசரமானது. அன்றைய அடி நின்றது. அவள் அதே வீட்டுக்குள்தான் திரும்புகிறாள். எனினும் தாயியின் கணவனுக்குக் காட்சிமேடையாகப் பயன்பட்ட அதே தெருவை ராக்கம்மா தன் காவலாக மாற்றிக்கொள்கிறாள். ஒருவனின் வன்முறைக்குப் பார்வையாளர் துணையாவதும் இன்னொருவனின் வன்முறைக்குத் தடையாவதும் எதனால் என்பதே நாவல் நம்முன் வைக்கும் ஆய்வுச் சிக்கல்.

மேற்குறித்த தேசிய ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினரே உதவி நாடியதாகப் பதிவாகியுள்ளது. ராக்கம்மா எவரிடமும் உதவி கேட்கவில்லை, ஏசினாள். களப்பணியாளர் அவளிடம் சென்றிருந்தால், உதவி நாடாதோர் பட்டியலிலேயே அவளைச் சேர்த்திருப்பார்.