அழுகிய கணையம்: வெட்டுவதா, வடிப்பதா?

கடுமையான கணைய அழற்சியில் சுரப்பியின் ஒரு பகுதியும் அதைச் சுற்றியுள்ள கொழுப்பும் செத்துப்போகலாம். செத்த திசுவில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. நெடுங்காலம் இதற்கு ஒரே வைத்தியம்தான்: வயிற்றைத் திறந்து, அழுகியதை விரலால் வழித்தெடுத்துக் கழுவுவது. சீழ் இருந்தால் எடுத்துவிடு என்ற பழைய நியாயம். ஆனால் சிறுநீரகமும் நுரையீரலும் ஏற்கெனவே தள்ளாடும் நோயாளிக்கு அந்த அறுவையே இன்னொரு பேரடியாக விழுந்தது.

அந்த நியாயத்தை அசைத்தது 2010இல் நெதர்லாந்துக் குழு வெளியிட்ட ‘பேந்தர்’ ஆய்வு. 88 நோயாளிகளில் ஒரு பாதிக்கு நேரடியாகத் திறந்த அறுவை. மறு பாதிக்கு முதலில் வடிகுழாய், அது போதாதபோது மட்டும் சிறிய கீறல் வழியே அகற்றல். பெரும் சிக்கலோ மரணமோ நேர்ந்தவர்கள் முதல் தரப்பில் 69 சதவீதம், இரண்டாவதில் 40. இந்தப் படிப்படி முறையில் 35 சதவீதம் பேருக்கு வடிகுழாயோடு வேலை முடிந்தது. சீழ் வெளியேறியதும், செத்த திசு உள்ளே இருக்கும்போதே உடல் தேறியது! அறுவை மருத்துவர்களுக்கு இது எளிதில் செரிக்கக்கூடிய செய்தியல்ல.

இந்த எண்களைக் கொண்டாடுவோர் ஒன்றை மெல்லத் தாண்டிப் போகிறார்கள். இறப்பை மட்டும் தனியே எடுத்தால், படிப்படி முறையில் 19 சதவீதம், திறந்த அறுவையில் 16. புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. ஆகவே புதிய முறை அதிக உயிர்களைக் காத்தது என்று இந்த ஆய்வைக் காட்டிச் சொல்ல முடியாது. பிழைத்தவர்கள் நன்றாகப் பிழைத்தார்கள் என்று சொல்லலாம்: புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் 38க்குப் பதில் 16 சதவீதம், தழும்பில் குடலிறக்கம் 24க்குப் பதில் 7. என் கணக்கில் இதுவே போதுமான காரணம்.

அடுத்து இரைப்பை வழியே வடிக்கும் எண்டோஸ்கோப்பி வந்தது. 2018இன் ‘டென்ஷன்’ ஆய்வில் (டச்சுக்காரர்களுக்குப் பெயர் சூட்டுவதில் தனி ஆசை) அது படிப்படி அறுவையைப் பெரும் சிக்கலிலோ மரணத்திலோ வெல்லவில்லை. ஆனால் கணையநீர்க் கசிவை 32இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. 2021இன் ‘பாயிண்டர்’ இன்னும் துணிந்தது. சீழ்த்தேக்கத்தைச் சுற்றிச் சுவர் கட்டும்வரை வடிகுழாயையே தள்ளிப்போட்டார்கள். சிக்கல் கூடவில்லை, தள்ளிப்போடப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் ஆன்டிபயாட்டிக்கிலேயே தேறினார்கள். ஆகவே இந்த முறையின் பலம் கருவியைவிடப் பொறுமையில்தான் இருக்கிறது என்பேன்.

அந்தப் பொறுமைக்கு விலை உண்டு. வாரக்கணக்கில் ஐ.சி.யு. படுக்கை வேண்டும், அடைத்த குழாயை நள்ளிரவிலும் மாற்றித்தர ரேடியாலஜி மருத்துவர் வேண்டும். இரைப்பை வழியே வைக்கும் உலோக ஸ்டென்ட் விலை அதிகம். அதை உரிய நாளில் எடுக்காவிட்டால் ரத்தக்குழாயை அரித்து ரத்தம் பெருக்கெடுக்க வைக்கலாம். இவை இல்லாத மருத்துவமனை படிப்படி முறையைப் பாதிவரை செய்து பார்ப்பதைவிட, நோயாளி பயணம் தாங்கும் நிலையில் இருக்கும்போதே பெரிய மையத்துக்கு அனுப்பிவிடுவது மேல்.

இன்னொரு குறையைப் பற்றிப் பேச்சே குறைவு. குடல் ஓட்டையானாலோ, அடைக்க முடியாத ரத்தப்போக்கு வந்தாலோ, இன்றும் வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். ஆனால் இளம் அறுவை மருத்துவர்கள் அந்த அறுவையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. எல்லா வழியும் அடைபட்ட பிறகு வரும் நோயாளியிடம், குறைவாகப் பழகிய கைதான் கத்தியை எடுக்கப்போகிறது.