ஆங்கிலக் கல்வியில் பொருளதிகாரம்

பாண்டிய நாட்டைப் பன்னிரண்டு ஆண்டுக் காலம் வாட்டிய வற்கடம் நீங்கியபின், அரசன் நாற்றிசைக்கும் ஆள்விட்டுப் புலவர்களைத் தேடிய கதையை இறையனார் களவியல் உரை கூறுகிறது. எழுத்து வல்லார் வந்தனர். சொல் வல்லார் வந்தனர். பொருள் வல்லார் மட்டும் எங்கும் கிடைத்திலர். பொருளதிகாரம் இல்லாத இலக்கணம் கையிலிருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும் என்று அரசன் பெரிதும் வருந்தினானாம். மக்கள் வாழ்க்கையை அகம் என்றும் புறம் என்றும் வகுத்து ஆராய்வதையும் மொழிக் கல்வியின் ஒரு பகுதியாகவே நம் முன்னோர் கொண்டிருந்தனர் என்பதற்கு இக்கதையே சான்று.

இக்கதை நம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் ஆங்கில மொழி, இலக்கியம், பண்பாடு என்னும் மூன்றையும் ஒரே இளங்கலைப் பட்டமாக இணைத்துக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இன்று உள்ளன. இம்மூன்றையும் இணைத்தது நன்றே என்பது நமது கருத்து. ஆயினும் இணைப்பு என்பது பாடத் தலைப்பில் ஓர் ‘உம்’மைச் சேர்ப்பதால் மட்டும் அமைந்துவிடாது. மூன்றாவதாக வரும் பண்பாடு எந்த நிலையில் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அப்படிப்பின் மதிப்பு அமையும். இதனை விளக்க அக்கல்வியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஆங்கிலம் தன் சொந்த மண்ணிலேயே மிகப் பிந்தித்தான் பல்கலைக்கழகத்துள் புகுந்தது. கேம்பிரிட்ஜில் அரபு மொழிக்குப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது 1632இல். அங்கே ஆங்கில இலக்கியத்திற்கு முதற் பேராசிரியர் அமர்ந்ததோ 1911இல். இடைவெளி 279 ஆண்டுகள்! அரபுப் பேராசிரியராக முதன்முதல் அமர்ந்த ஆபிரகாம் வீலக் என்பாரே, பழைய ஆங்கிலமாகிய ஆங்கிலோ-சாக்சன் மொழிக்கும் அங்கு விரிவுரையாளராக விளங்கினார் என்பது அறிந்து மகிழத்தக்க செய்தி. தன் மொழியின் பழமையை ஆராய முற்பட்ட காலத்தில் அரபு கற்ற ஒருவரையே அப்பல்கலைக்கழகம் நாடியது.

இலண்டனில் 1828இல் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஆக்ஸ்போர்டில் 1885இல் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்திற்குமாக ஒரு பதவி நிறுவப்பட்டபோது, அது மொழிநூலறிஞரான நேப்பியருக்கு வழங்கப்பட்டது. இலக்கியத்திற்கு இடமில்லையா என்று சர்ட்டன் காலின்ஸ் முதலியோர் போர்க்கொடி உயர்த்தினர். 1887இல் வரலாற்றுப் பேராசிரியர் ஃபிரீமன் எதிர்ப்பக்கம் நின்றார். மொழி வரலாற்றோடு சேராத இலக்கியப் படிப்பு கவிஞர்களைப் பற்றிய வெறும் அரட்டையாகவே முடியும் என்பது அவர் வாதம். 1894இல் ஆங்கிலத் துறை தோன்றியபோது இரு தரப்பாரையும் ஒருவாறு அமைதிப்படுத்தும் உடன்பாடு காணப்பட்டது. 1917இல் கேம்பிரிட்ஜ் வகுத்த பாடத்திட்டத்தில் இலக்கியம் முதன்மை பெற்றது. பழைய ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இல்லாமற் போயிற்று. ஆக, மொழியும் இலக்கியமும் ஒரே கூரையின்கீழ் நெடுங்காலம் பிணங்கியே வாழ்ந்தன.

பண்பாடு அப்போது எங்கிருந்தது என்று வாசகர் வினவலாம். அது பாடமாகப் பெயர் பெறவில்லை, அளவுகோலாக மறைந்திருந்தது. அவ்வளவுகோல் நம்மீதுதான் முதலில் வைக்கப்பட்டது. 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பில், இந்தியாவின் நூல்களும் அரபு நாட்டின் நூல்களும் ஐரோப்பிய நூலகத்தின் ஒரு தட்டுக்கு ஈடாகா என்று தீர்ப்புக் கூறினார். அரபும் வடமொழியும் தாம் அறியார் என்பதையும் அக்குறிப்பிலேயே ஒப்புக்கொண்டார். இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்காக 1854இல் அவர் தலைமையில் அமைந்த குழு வகுத்த மதிப்பெண்களைப் பாருங்கள். மொத்தம் 6875. அதில் ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, மொழி, இலக்கியம் ஆகியவற்றுக்கு 1500, கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750. அரபுக்கு 375, வடமொழிக்கு 375. ஆளப்போவது இந்தியாவை; அறிய வேண்டுவதோ கிரேக்கம்! தமிழுக்கு அப்பட்டியலில் இடமே இல்லை. இலக்கியக் கல்வி என்ற பெயரில் எது எடைபோடப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை.

ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தில் முழுமையான பாடமாவதற்கு முன்பே இந்தியக் கல்லூரிகளில் பாடமாகிவிட்டது என்பதை கௌரி விசுவநாதன் 1989இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் நிறுவியுள்ளார். இதற்கு இயைந்த ஒரு செய்தியும் உண்டு. ஆக்ஸ்போர்டில் 1904இல் ஆங்கில இலக்கியத்திற்கென முதற் பேராசிரியராக அமர்ந்த வால்ட்டர் ராலே, அதற்கு முன் 1885 முதல் 1887 வரை, சர் சையத் அகமது கான் நிறுவிய அலிகார்க் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அலிகார் மாணவருக்குப் பாடம் சொன்ன பின்னரே அவர் ஆக்ஸ்போர்டு மாணவருக்குச் சொன்னார்.

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறத் தொடங்கியது. 1929இல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் வெளியிட்ட நூல், ஆசிரியர் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளை மாணவர்க்குக் கொடுத்து அவர்தம் கருத்தைக் கேட்ட ஒரு சோதனையின் பயன். பாட்டை ஊன்றிப் படிக்கும் பழக்கத்தை அம்முறை வளர்த்தது. ஆனால் பாட்டைப் பிறந்த மண்ணிலிருந்து வேரோடு பெயர்க்கவும் செய்தது. 1957இல் ரிச்சர்ட் ஹோகார்ட்டும், 1958இல் ரேமண்ட் வில்லியம்ஸும் எழுதிய நூல்கள் பண்பாடு என்ற சொல்லையே ஆய்வுக்கு உட்படுத்தின. உழைப்பாளர் வீட்டுப் பேச்சுக்கும் பண்பாட்டில் இடமுண்டு என்று அவை வாதிட்டன. 1964இல் பர்மிங்காமில் ஹோகார்ட் தொடங்கிய ஆய்வு மையம், ஜமைக்காவிற் பிறந்த ஸ்டூவர்ட் ஹால் தலைமையில் வளர்ந்தது. 1968இல் நைரோபியில் கூகி வா தியாங்கோவும் உடனாசிரியர் இருவரும், ஆங்கிலத் துறையை நீக்கி ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்கும் துறையொன்றை அமைக்குமாறு கோரினர். அளவுகோலாக இருந்தது இவ்வாறு அளக்கப்படும் பொருளாயிற்று. இன்றைய மூவிணைப் பட்டத்திற்கு வழி வகுத்தது இம்மாற்றமே எனலாம்.

மூன்றும் உண்மையில் இணைந்தால் விளையும் நன்மையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ 1604இல் அரசவையில் நடிக்கப்பட்ட நாடகம். அதில் ‘ஆனஸ்ட்’ என்ற சொல்லும் அதன் வழிச்சொல்லும் ஐம்பது முறைக்கு மேல் வருகின்றன. வஞ்சகன் இயாகோவுக்கு அதுவே அடைமொழி. இக்காலத்தில் நேர்மை என்று மட்டுமே நாம் பொருள் கொள்வோம். அக்காலத்தில் பெண்ணைக் குறித்து வரின் கற்பு என்றும், தமக்குக் கீழ்ப்பட்டவனைக் குறித்து வரின் ‘நல்ல பையன்’ என்று தட்டிக்கொடுக்கும் குறிப்பாகவும் அச்சொல் வழங்கியது. ஒரே சொல்லால் இயாகோ நம்பப்படுகிறான், சிறுமையும் படுத்தப்படுகிறான். அதே சொல் தெஸ்திமோனாவின் கற்பை ஐயுறும்போதும் வந்து நிற்கிறது. வில்லியம் எம்ப்சன் 1951இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். மொழி வரலாறு அறியாதவர்க்கு இந்நாடகத்தின் அச்சாணியே கண்ணிற் படாது.

இனி அத்தலைவனை நோக்குவோம். முதற் காட்சி முழுவதும் அவன் பெயரை எவரும் சொல்வதில்லை. ‘மூர்’ என்றே சுட்டுகின்றனர். அச்சொல் வட ஆப்பிரிக்கரையும், முஸ்லிமையும், கரிய நிறத்தாரையும் வேறுபாடின்றிக் குறித்து வந்தது. பெயரை மறைத்து இனத்தைச் சொல்வது நாடக உத்தி; அது இலக்கியம். 1600இல் மொராக்கோ சுல்தானின் தூதராக அப்துல் வாஹித் இலண்டனுக்கு வந்து தங்கியதும், அவர் உருவம் ஓவியமாகத் தீட்டப்பட்டதும் வரலாறு, அது பண்பாடு. இம்மூன்றையும் ஒருங்கே கண்ட மாணவன், இந்நாடகத்தைப் பொறாமைக் கதை என்று சுருக்கவும் மாட்டான்; நிறவெறிக்கு ஆவணம் என்று ஒதுக்கவும் மாட்டான்.

இத்தகைய பயிற்சி எங்கும் கிடைக்கிறதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டியுள்ளது. இணைப்புப் பட்டத்தின் முதற்குறை, மூன்று ஆசிரியர் மூன்று அறைகளில் கற்பித்து, இணைக்கும் வேலையை மாணவன் தலையில் விட்டுவிடுவது. இரண்டாவது குறை இதனினும் பெரிது. மூன்றில் மொழியே கடினமானது. நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. மொழி மெலிந்தபின், பண்பாடு என்பது எவரும் எதைப் பற்றியும் கருத்துரைக்கும் களமாகிவிடுகிறது. ஃபிரீமன் அன்று கவிஞர்களைப் பற்றிய அரட்டைக்கு அஞ்சினார். இன்று பண்பாட்டைப் பற்றிய அரட்டைக்கு நாம் அஞ்ச வேண்டியிருக்கிறது. மூலநூலை ஊன்றிப் படிக்காமல் ஆதிக்கத்தைச் சாடுபவன், அரபு அறியாமல் அரபு நூல்களை இகழ்ந்த மெக்காலேயின் வழியிலேயே நடக்கிறான். திசை மட்டும் வேறு.

இதற்கு மாற்று நம் மரபில் உண்டு. மத்ரஸாக் கல்வியில் ‘அதப்’ என்று வழங்கும் கலையை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விளக்குகிறார். கவிதையும் உரைநடையும் அதில் உண்டு. அவற்றோடு கலந்தே நஹ்வு இலக்கணம் வரும். பாட்டிற் சுட்டப்படும் நிகழ்ச்சிகள் விளங்கும் பொருட்டு அரபியரின் போர்நாட்களும் குலவரலாறுகளும் வரும். இதற்கு அடிப்படையாக நான்கு நூல்களையும் அவர் குறிக்கிறார். இப்னு குதைபா, முபர்ரத், ஜாஹிஸ், காலீ ஆகியோர் எழுதியவை அவை. மூன்று துறைகளும் அங்கே ஒரே பாடத்தின் ஒரே பக்கத்தில் நிகழ்ந்தன. பாட்டின் ஓர் அடியை விளக்க வந்த ஆசிரியர், சொல்லின் வேரையும், அணியின் நயத்தையும், பாலைவன வாழ்வையும் ஒரே மூச்சில் சொன்னார்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இஸ்லாத்திற்கு முற்பட்ட அறியாமைக் காலக் கவிதைகளை நம் உலமாக்கள் பேணிக் கற்பித்தனர். இம்ரவுல் கைஸின் பாட்டில் மதுவும் களியாட்டமும் மலிந்திருந்தும் அதனை அவர்கள் எரித்துவிடவில்லை. இறைமறையின் மொழியை உணர அப்பாடல்கள் துணை என்று போற்றினர். அவ்வாழ்வை ஏற்காமலே அதனை நுணுகி அறிந்தனர். அன்னியப் பண்பாட்டைக் கற்பதற்கு இதுவே நேரிய நெறி. பிள்ளை ஆங்கில இலக்கியம் படித்தால் தன்னை மறந்துவிடுவானோ என்று அஞ்சும் பெற்றோருக்கும், ஆங்கிலம் பேசிவிட்டாலே நாகரிகம் கைவந்தது என்று கருதும் பெற்றோருக்கும் நாம் சொல்லக்கூடியது இந்நெறியைத்தான்.

எனவே, இப்படிப்பை நாடும் மாணவர் பாடத்திட்டத்தில் இரண்டைத் தேடிப் பார்ப்பாராக. ஒரு சொல்லின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை அறியும் அளவு மொழி அதில் உண்டா? ஆண்டவரின் பண்பாட்டோடு ஆளப்பட்டவரின் பார்வைக்கும் அதில் இடமுண்டா? இரண்டும் இருப்பின் அது கற்கத்தக்க கல்வியே. முதலாவது இல்லையேல் எழுத்தும் சொல்லும் இல்லை. இரண்டாவது இல்லையேல் பாண்டியன் தேடியும் கிடைக்காத பொருளதிகாரம் அங்கும் இல்லை என்றே கொள்ள வேண்டும்.