பருமனும் பலமும்: லோலண்ட் கொம்யூனும் டென்மார்க்கின் இணைப்புச் சீர்திருத்தமும்

உள்ளாட்சிகளை இணைத்துப் பெரிதாக்குவது பற்றிய வட ஐரோப்பிய விவாதங்களில் டென்மார்க்கின் 2007-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கேள்விக்கு அப்பாற்பட்ட வெற்றியாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. எஸ்டோனியா 2017-இல் தன் 213 உள்ளாட்சிகளை 79 ஆகச் சுருக்கியது. நோர்வே 428 ஆக இருந்தவற்றை 2020-க்குள் 356 ஆக்கியது. பெரிய உள்ளாட்சியே திறமையான உள்ளாட்சி என்னும் எண்ணம் அந்தப் பகுதி முழுவதும் ஒரு பருவக்காற்றைப் போல வீசியது. டென்மார்க் அரசு 2013-இல் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கையும் சில திருத்தங்களைப் பரிந்துரைத்ததோடு நின்று, அடிப்படை அமைப்பு நன்றாக இயங்குகிறது என்றே முடித்தது. இந்தப் பாராட்டுரைகள் நாட்டின் தெற்கிலுள்ள தீவான லோலண்டுக்கு அதிகம் போவதில்லை. ஏழு உள்ளாட்சிகளைக் கரைத்து ஒன்றாக்கிய அந்தத் தீவில் சீர்திருத்தத்தின் அடிப்படைக் கருத்தையே நிறுத்துப் பார்க்க முடியும்.

டென்மார்க்கில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவான அடிநிலை உள்ளாட்சி அமைப்பு கொம்யூன் எனப்படும். பொதுப்பள்ளி, குழந்தைகள் காப்பகம், முதியோர் பராமரிப்பு, சமூக உதவித்தொகை, நூலகம், உள்ளூர்ச் சாலை என அன்றாட வாழ்வைத் தொடும் பணிகளில் பெரும்பாலானவை அதன் பொறுப்பில் இருக்கின்றன; குடிமக்களின் வருமானத்தில் சராசரியாக நூற்றுக்கு 25 அளவில் வரி விதிக்கும் உரிமையும் அதற்கு உண்டு; அரசின் மேற்பார்வையில் தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் கொம்யூனின் உரிமையை அரசியலமைப்பின் 82-ஆம் பிரிவு காக்கிறது. 1841-இல் தேவாலயப் பங்கு எல்லைகளை ஒட்டிக் கிராமங்களுக்கும் தேர்ந்தெடுத்த மன்றங்கள் வந்தன. 1960-களின் நடுவில் 1,000-க்கு மேல் இருந்த அமைப்புகள் 1970-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் 277 ஆகவும், 2007 சனவரி 1 அன்று 271-லிருந்து 98 ஆகவும் குறைந்தன; அவற்றுக்கு மேலிருந்த 13 மாவட்டங்களுக்குப் பதிலாக, வரி விதிக்கும் உரிமையற்ற, முதன்மையாக மருத்துவமனைகளை நடத்தும் ஐந்து மண்டலங்கள் உருவாயின. 2004 சூனில் எட்டிய அரசியல் உடன்பாடு, ஒரு கொம்யூனில் குறைந்தது 20,000 பேர் இருக்கவேண்டும் என்றது. அதற்குக் குறைந்தவை அண்டைக் கொம்யூன்களோடு இணையவேண்டும். அல்லது மொத்தம் 30,000 பேரை உள்ளடக்கும் வகையில் அண்டையோருடன் கட்டாய ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளவேண்டும்.

சீர்திருத்தத்தின் நற்பயன்களை மறுப்பதற்கில்லை. ஐயாயிரம் பேர் வாழும் கொம்யூன் ஒன்றால் குழந்தைகள் நலவழக்குகளுக்கென்றே தேர்ந்த அலுவலரையோ, சிக்கலான கட்டுமான ஒப்பந்தங்களைப் படித்தறியும் வழக்கறிஞரையோ வேலைக்கு வைத்துக்கொள்வது கடினம். நிர்வாகச் செலவு குறைந்ததை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பெமார்ன் கடல்வழியின் அடியில் செருமனிக்குச் செல்லும் 18 கிலோமீட்டர் சுரங்கப் பாதையின் கட்டுமானம் 2020-களின் தொடக்கத்தில் ரோட்பிஹவுனில் தொடங்கியபோது, அரசோடும் ஒப்பந்தக்காரர்களோடும் பேச ஒரே மேயர் இருந்தது ஏழு மேயர்கள் இருந்திருப்பதை விட வசதி என்பதிலும் ஐயமில்லை.

லோலண்ட் மிகத் தட்டையான தீவு. அதன் மிக உயரமான மேடுகூட ஏறத்தாழ 30 மீட்டர்தான். 1872 நவம்பர் 13 அன்று பால்டிக் கடல் பொங்கித் தென்கரையை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே சட்டம் இயற்றப்பட்டு, 60 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடற்கரை அணை எழுந்தது. அதன் செலவை, அணையால் காக்கப்பட்ட நிலங்களின் உடைமையாளர்கள் பங்கு எல்லைகளைப் பாராமல் பகிர்ந்துகொண்டார்கள். பின்னாளில் ரோட்பி நகரை ஒட்டிய கடற்கழியும் வடிக்கப்பட்டு விளைநிலம் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்த மண்ணில் சர்க்கரைக் கிழங்கு விளைந்தது. அதைக் களையெடுக்கப் போலந்திலிருந்து இளம்பெண்கள் பருவந்தோறும் வந்து கொட்டடிகளில் தங்கி உழைத்தார்கள். மேற்கே, 1266-இல் நகர உரிமை பெற்ற நக்ஸ்கவில், கிழக்காசியக் கும்பெனி 1916-இல் நிறுவிய கப்பல் கட்டும் தளம் எழுபது ஆண்டுகள் ஊரைத் தாங்கி நின்று, 1980-களின் பிற்பகுதியில் மூடியது. நக்ஸ்கவ் அந்த அடியிலிருந்து மீளவே இல்லை; வேலை தேடி இளைஞர்கள் கோபன்ஹேகனுக்குப் போக, மலிவான வீடுகளைத் தேடி உதவித்தொகையில் வாழ்வோர் நக்ஸ்கவுக்கு வந்தார்கள்.

2007-இல் நக்ஸ்கவ், மாரிபோ, ரோட்பி, ஹோலெபி, ஹொய்ரெபி, ருட்பியெர்க், ரவுன்ஸ்போர்க் ஆகிய ஏழும் கலைந்து, மாரிபோவைத் தலைமையிடமாகக் கொண்ட லோலண்ட் கொம்யூன் பிறந்தது. ஏறத்தாழ 890 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 49,000 பேரை உள்ளடக்கிய அது 20,000 என்னும் வரம்பை வெகு எளிதில் தாண்டியது. சீர்திருத்தத்தின் அளவுகோலின்படி அன்று காலையே அது பலமுள்ள கொம்யூன். ஆனால் 2020-களின் தொடக்கத்துக்குள் அங்கே மக்கள்தொகை 40,000-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. இந்தச் சரிவை இணைப்பு உண்டாக்கவில்லை, அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்று ஆதரவாளர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அந்த உண்மை அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது: தளர்ச்சியின் காரணம் சிறுமையில் இல்லாதபோது பெருமையை மருந்தாகக் கொடுத்தது ஏன்?

இந்தச் சீர்திருத்தத்தின் மூலப்பிழை இதுதான்: ஓர் உள்ளாட்சியின் பலத்தை அதன் தலைக்கணக்கில் தேடியது. கோபன்ஹேகனுக்கு வடக்கே உள்ள ஹோர்ஸ்ஹோல்ம் ஏறத்தாழ 25,000 பேரும் 31 சதுர கிலோமீட்டரும் மட்டுமே கொண்ட சிறு கொம்யூன். அது எவரோடும் இணையவில்லை. இருந்தும் நாட்டின் செழிப்பான கொம்யூன்களில் அதுவும் ஒன்று. ஏனெனில் நல்ல சம்பளம் வாங்குவோர் அங்கே வாழ்கிறார்கள், குறைந்த விகிதத்தில் விதித்தாலும் வரி குவிகிறது. 2007-இல் லோலண்டில் தலைகள் அதைவிட ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் ஒவ்வொரு தலைக்கும் வரக்கூடிய வரி குறைவு, ஒவ்வொரு தலைக்கும் ஆகும் முதியோர், உதவித்தொகைச் செலவு அதிகம். வற்றிக்கொண்டிருக்கும் ஏழு கிணறுகளின் சுவர்களை இடித்து ஒன்றாக்கினால் வாய் அகலுமே ஒழிய ஊற்று கூடாது. சுமைகளும் அப்படியே கூடிச் சேரும் என்பதற்குத் தலைநகரின் புறநகரிலேயே சான்று உண்டு: 2002-இல் வெடித்த நிதி முறைகேட்டால் கடனில் மூழ்கிய பாரும், 2007-இல் வேர்லோசெயோடு இணைந்து புரெசோ கொம்யூன் ஆனபோது, அந்தக் கடனில் எந்தப் பங்கும் இல்லாத வேர்லோசெ மக்களும் அதைச் சுமக்க நேர்ந்தது.

லோலண்டைத் தாங்கி நிற்பது அதன் பருமன் அன்று. கொம்யூன்களுக்கிடையிலான சமன்படுத்தும் நிதி ஏற்பாடு. செல்வமுள்ள கொம்யூன்களின் வரிவருவாயில் ஒரு பகுதியை எடுத்து ஏழைக் கொம்யூன்களுக்கு அளிக்கும் இம்முறையும், நெருக்கடியில் உள்ளவற்றுக்கு அரசு தரும் தனிமானியங்களும் இல்லாவிட்டால், நூற்றுக்கு 26-ஐத் தாண்டும் வரி விதித்தும் அங்கே பள்ளிகளை நடத்த முடியாது. 2020-இல் இந்த ஏற்பாடு திருத்தப்பட்டபோது வடக்கே எழுந்த எதிர்ப்பும் தெற்கே தோன்றிய ஆறுதலும், உண்மையான அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டன. ஏழு சிறு கொம்யூன்களுக்கும் தனித்தனியே அந்த நிதியைக் கணக்கிட்டு அளிப்பதில் எந்த நடைமுறைச் சிக்கலும் இருந்திருக்காது. எனவே இணைப்பு தந்ததாகச் சொல்லும் பலம் உண்மையில் மறுபங்கீடு தந்த பலம்.

இணைப்பின்றியே பெருந்திறன்களைப் பகிர்ந்துகொள்ளும் வழி அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. டிராயூர் தன் அண்டைக் கொம்யூனான டோர்ன்பியோடும், வாலென்ஸ்பெக் தன் அண்டைக் கொம்யூனான இஸ்ஹோயோடும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, சிக்கலான பணிகளைப் பெரிய அண்டையிடம் ஒப்படைத்துவிட்டு, தத்தம் மன்றங்களையும் மேயர்களையும் இன்றுவரை வைத்திருக்கின்றன. சாம்சோ, லெசோ, பானோ போன்ற சிறுதீவுகளுக்கும் அதே வழி. லோலண்டின் ஏழு கொம்யூன்களும் சேர்ந்தால் 30,000-ஐத் தாண்டும். அவை ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றால் தேர்ந்த அலுவலரையும் வழக்கறிஞரையும் பொதுவில் வைத்துக்கொண்டிருக்கலாம். தலைநகரின் புறநகர்களுக்குப் போதுமானது எனக் கருதப்பட்ட ஏற்பாடு பின்தங்கிய தீவுக்கு ஏன் போதாது என்ற கேள்விக்கு, பெரிதாக்கவேண்டும் என்ற முன்முடிவைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை. 1873-ஆம் ஆண்டுச் சட்டப்படி அணை கட்டியவர்கள் பணியின் அளவுக்கேற்ப ஓர் அமைப்பை உருவாக்கினார்களே தவிர, அணைக்காக ஒரு பங்கு மன்றத்தையும் கலைக்கவில்லை.

சிறுமை திறனின்மைக்கு மறுபெயர் என்ற நம்பிக்கைக்குச் சாம்சோ தனித்து நின்று பதில் சொல்கிறது. ஏறத்தாழ 4,000 பேர் வாழும் அந்தத் தீவு, 1997-இல் எரிசக்தி அமைச்சகம் நடத்திய போட்டியில் வென்று, பத்தாண்டுகளில் தன் மின்தேவையைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் ஈடுசெய்யும் திட்டத்தை நடத்திக் காட்டியது. கடலில் நிறுத்திய பத்துக் காற்றாலைகளில் ஐந்துக்குக் கொம்யூனே உடைமையாளராக இருந்தது, எஞ்சியவை முதலீட்டாளர்களுக்கும் கூட்டுறவாகச் சேர்ந்த தீவுவாசிகளுக்கும் உரியவையாக இருந்தன. பல கோடிக் குரோனர் முதலீட்டில் இறங்கும் துணிவு அந்த மன்றத்துக்கு வந்ததற்குக் காரணம் மக்கள்தொகை அன்று. கடன் வாங்கும் மன்ற உறுப்பினரும் பங்கு வாங்கும் விவசாயியும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததும், கூட்டங்களில் நேருக்கு நேர் பேசித் தீர்க்க முடிந்ததும்தான்.

செலவைக் கணக்கிட்டவர்களும் சீர்திருத்தத்துக்கு உதவவில்லை. இணைந்த கொம்யூன்களையும் இணையாத கொம்யூன்களையும் ஒப்பிட முடிந்ததால் டென்மார்க் அரசியல் அறிவியலாளர்களுக்கு அரியதோர் ஆய்வுக்களம் ஆனது. பிளோம்-ஹான்சன், ஹவுல்பெர்க், செரிட்ஸ்லெவ், டிரைஸ்மன் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, நிர்வாகத்துக்கு வெளியே பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு முதலிய துறைகளில் சிலவற்றில் செலவு குறைந்தது, சிலவற்றில் கூடியது, பெரும்பாலானவற்றில் மாற்றமே இல்லை என்று காட்டியது. இதற்கு முன்பே, 2011-இல், லாசனும் செரிட்ஸ்லெவும் வேறோர் இழப்பை அளந்தார்கள்: உள்ளூர் அரசியலைப் புரிந்துகொள்ளவும் அதில் தலையிடவும் தன்னால் முடியும் என்று குடிமகன் கொள்ளும் நம்பிக்கை, கொம்யூன் பெரிதாகப் பெரிதாகக் குறைந்திருந்தது.

ஆதரவாளர்கள் இங்கே வாக்குப்பதிவை எடுத்துக்காட்டுவார்கள். உள்ளாட்சித் தேர்தலில் 2009-இல் நூற்றுக்கு 65.8 ஆகச் சரிந்தது 2013-இல் 71.9 ஆக ஏறியது. ஆகவே மக்களாட்சி நலமாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு உள்ளாட்சி முடிந்துவிடும் என்றால் இந்த வாதம் செல்லும். நாடு முழுவதும் மன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 4,600-லிருந்து 2,500 ஆகக் குறைந்தது. கோபன்ஹேகனைத் தவிர எந்த மன்றத்திலும் 31 பேருக்கு மேல் இருக்கச் சட்டம் இடம் தராது. ஏழு மன்றங்கள் இருந்த லோலண்டில் அந்த வரம்புக்கு உட்பட்ட ஒரே மன்றம். அந்தக் கொம்யூனைச் சேர்ந்த பேயோ, பேமோ தீவுகளின் விவசாயி படகில் கிராகெனெஸ் துறைக்கு வந்து, அங்கிருந்து மாரிபோவுக்குப் போகவேண்டும். தன் தீவின் பள்ளியைப் பற்றி முடிவெடுப்பவர்களில் தனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

பள்ளிகளில்தான் இது முதலில் வெளிப்பட்டது. 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் நாடெங்கும் சிறு கிராமப் பள்ளிகள் செலவைக் காரணம் காட்டி மூடப்பட, டென்மார்க்கின் பழைய உரிமைப்படி பெற்றோர்களே சேர்ந்து பல ஊர்களில் தனிப்பள்ளிகளைத் தொடங்கினார்கள். அவற்றின் செலவில் பெரும்பகுதியை அரசு மானியம் ஏற்கிறது. அப்படிச் சேரும் ஒவ்வொரு மாணவனுக்கும் கொம்யூன் அரசுக்கு ஒரு தொகை செலுத்தவேண்டும். மிச்சமாகும் என்று எண்ணிய பணத்தில் ஒரு பகுதி இவ்வாறு திரும்பிப் போனது. ஊரின் எதிர்ப்பை முன்கூட்டி உணரும் மன்றம் இந்தக் கணக்கை முன்னதாகவே போட்டிருக்கும்.

டென்மார்க்கைப் பார்த்து இணைந்த நோர்வேயில் ஒரு கொம்யூன் பின்வாங்கிவிட்டது. 2020-இல் ஓலெசுண்டோடு இணைந்த ஹாரம், உள்ளூர் மக்களின் வாக்கெடுப்புக்குப் பிறகு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற்று 2024 சனவரி 1 அன்று தனிக் கொம்யூனாக மீண்டது. டென்மார்க்கில் 98 என்னும் எண் 2007 முதல் மாறவில்லை. அதையே ஆதரவாளர்கள் சீர்திருத்தத்தின் நிலைபேற்றுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ரவுன்ஸ்போர்க்கோ ருட்பியெர்க்கோ பிரிய விரும்பினாலும், எந்த மன்றம் அவர்களுக்காகத் தீர்மானம் கொண்டுவரும் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. அந்த மன்றங்கள்தாம் 2007-இல் கலைந்துவிட்டனவே.