இசைவும் பணிவும்: சங்கிலியார் பரவையார் வரலாற்றில் ஓர் ஆய்வு

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்துள் சுந்தரர் பரவையாரையும் சங்கிலியாரையும் மணந்த வரலாறு விரிவாகப் பேசப்படுகின்றது. அவ்விரு மணங்களையும் பற்றிய வினா எழுங்கால், அறிஞர் பெரும்பாலும் ஒரே விடை கூறி அமைவர். கயிலையில் ஆலாலசுந்தரர் கமலினி, அனிந்திதை என்னும் சேடியர் இருவர்பால் மனம் வைத்தார். அது நிறைவேறுதற்பொருட்டு மூவரும் நிலவுலகிற் பிறந்தனர் என்பது அவ்விடை. புராண அமைதிக்கு இது பொருந்துவதே. எனினும், இவ்வொன்றையே கொண்டு வரலாற்றை மூடிவிடின், சேக்கிழார் தாமே எழுப்பிய வினா மறைந்துவிடும். அவ்வினா மணம் ஒன்றா இரண்டா என்பதன்று. அவ்வாழ்வில் தொடர்புடையார் அனைவரும் அறிந்து இசைந்தனரா என்பதே அது.

இன்று இவ்வினாவை எழுப்புதற்குக் காரணம் உண்டு. 1990களில் ஆங்கில வழக்கிற் பரவிய ‘பாலியாமரி’ என்னும் சொல், பல என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் காதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லும் கூடியமைந்தது. ஒருவர் ஒரே காலத்தில் ஒருவர்க்கு மேற்பட்டாரொடு காதலுறவு கொள்ளுதலையும், அதனை அனைவரும் அறிந்து உடன்படுதலையும் அஃது ஒருங்கே குறிக்கும். மறைவொழுக்கத்தினின்றும், ஆடவர்க்கே உரியதாயிருந்த பழைய பலதார மணத்தினின்றும் இதனை வேறுபடுத்துவது உடன்பாடே. அறிதல், இசைதல், வேண்டாவழி விலகுதல் ஆகிய மூன்றும் அவ்வுடன்பாட்டின் உறுப்புக்கள் எனலாம். இவ்வளவுகோலால் பழங்காப்பியத்தைக் குற்றங்கூறுதல் ஈண்டு நோக்கமன்று. உடன்பாடு எங்கே நிலைபெறுகிறது, எங்கே சிதைகிறது என்பதைக் காப்பியமே காட்டும் திறத்தைக் காண்பதே நோக்கம்.

முதலில் சங்கிலியார் நிலையைக் காண்போம். ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் குடியிற் பிறந்த இவர், மணவாழ்வை மறுத்து, திருவொற்றியூரில் கன்னிமாடத்திருந்து இறைவனுக்குப் பூமாலை தொடுத்து வந்தவர். இறைவன் கனவில் தோன்றிச் சுந்தரர்க்காகப் பேசியபோதும் இவர் வாளா இசைந்திலர். சுந்தரர் திருவாரூரில் மகிழ்ந்து உறைபவர் என்பதை எடுத்துரைக்கின்றார். பரவையார் பெயரைச் சொல்லாமலே அவ்வுறவைச் சுட்டிய நயம் போற்றற்குரியது. இதன் விளைவாகவே ‘பிரியேன்’ என்னும் சூள் இடைவருகின்றது. எனவே, சங்கிலியார் இசைவு அறிந்து தந்த இசைவு; ஒரு வரையறைக்கு உட்பட்ட இசைவு.

சுந்தரரோ அவ்வரையறையைத் தளர்த்த ஒரு வழி தேடினார். பிற பதிகளையும் சென்று பாடவேண்டியவராதலின், தாம் கோயிலிற் சூளுரைக்கும்போது இறைவன் மகிழமரத்தின்கீழ் இருந்தருளுமாறு வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியார்க்கு இதனை உணர்த்தி, மகிழின்கீழ்ச் சூள் பெறுமாறு பணித்தான். தோழியர் அதனைக் கூறக் கேட்டுத் திகைத்த சுந்தரர், மறுக்க இயலாது அங்கேயே சூளுரைத்தார். பின்னர் வேனில் வர, ஆரூர் நினைவு மேலிட்டு ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்ணும் ஒளியிழந்தன. ஈண்டுக் காப்பிய நீதி தெளிவாகின்றது. இருவரை மணந்தமைக்கு ஒறுப்பு இல்லை. சொல் பிழைத்தமைக்கே ஒறுப்பு.

பரவையார் நிலை இதனின் வேறு. இரண்டாம் மணத்திற்கு முன் இவர் இசைவை எவரும் வேண்டிலர். செய்தி பிறர்வாயிலாகவே இவரை எட்டியது. உருத்திர கணிகையர் குலத்துப் பிறந்தவராயினும், அகமரபிற் பரத்தைக்குரிய இடத்தைச் சேக்கிழார் இவர்க்கு அளித்திலர். ஊடி வாயில் மறுக்கும் தலைவியின் இடத்தையே அளித்தார். சுந்தரர் சார்பில் வந்தோர் பேசியபோது, இப்பேச்சு நீளின் தம் உயிர் நில்லாது என்கின்றார் பரவையார். இறைவனே அருச்சகர் வடிவில் நள்ளிரவில் வந்து வேண்டியபோதும், சங்கிலி என்னும் பெயரின் இருபொருளும் தோன்ற விடையிறுத்து மறுக்கின்றார். இம்மறுப்பின் வன்மையைச் சேக்கிழார் சிறிதும் குறைத்திலர்.

இரண்டாம் முறை இறைவன் தன் உண்மை வடிவில் வருகின்றான். நடுங்கிய பரவையார், இறைவனே இங்ஙனம் உழலும்போது இசையாது வேறு என்செய்வது என்னும் கருத்துப்பட உடன்படுகின்றார். இவ்வுடன்பாடு கணவர்க்குத் தந்த இசைவா, கடவுட்குச் செய்த பணிவா? அவர் சொல்லமைதியை நோக்கின், பணிவு என்றே கொள்ளுதல் தகும்.

வாயில் நேர்தல் அகமரபேயாதலின் இதனைத் தனித்து நோக்குதல் மிகை என ஒருவர் தடை நிகழ்த்தலாம். தொல்காப்பியம் தோழி முதலாகக் கண்டோர் ஈறாகப் பன்னிரு வாயில்களைக் கூறுவது உண்மையே. ஆயின் அவருள் எவரையும் தலைவி மறுத்தல் கூடும். மருதப்பாடல்களின் உயிரே அம்மறுப்பில்தான் உளது. மறுக்கவொண்ணா ஒருவனை வாயிலாக்கியதன்மூலம் அம்மரபின் எல்லையைச் சேக்கிழார் காட்டிவிட்டார். இதனையறிந்து சினந்த ஏயர்கோன் கலிக்காமரும் இறைவனைத் தூதுபோக்கிய பிழைக்கே சினந்தார். பரவையார் பொருட்டுச் சினந்தார் ஒருவருமிலர். சூள் பெற்ற சங்கிலியாரின் பிரிவுத்துயரோ, பரவையார் ஊடலைப்போல விரித்துப் பாடப்பெறவில்லை.

சென்னை மாகாணத்து 1949ஆம் ஆண்டுச் சட்டமும், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் இந்துக்களிடையே இருதார மணத்தை விலக்கின. எனினும் சட்டம் மணத்தின் தொகையை வரையறுக்குமேயன்றி, உள்ளத்தின் இசைவை அளக்கமாட்டாது. பலர்பாற் காதல் நம் முன்னோர்க்கு உடன்பாடே எனச் சுந்தரர் வரலாற்றைச் சான்று காட்டுவோர், பரவையாரின் அடைத்த கதவை மறந்தவராவர். அத்தகைய வாழ்வில் உடன்பாடு பற்றிய எண்ணமே தமிழுக்குப் புதிது என்போர், சங்கிலியார் பெற்ற சூளை மறந்தவராவர். இருவரையும் ஒருங்குவைத்துக் கற்பார்க்கு ஒன்று புலனாகும்: மறுக்கும் உரிமை உள்வழியே இசைவு இசைவாகும். அருள்வினை என்னும் விடையோடு இவ்வேறுபாட்டையும் கருதிப் பெரியபுராணத்தை மீண்டும் ஆராய்தல் அறிஞர் கடன்.