இரண்டு புள்ளிகளின் கைவரிசை

மென்பொருள் ஓட்டைகளிலும் ரசிக்கத்தக்கவை உண்டு. பேராதனையில், அக்பர் பாலத்துக்கு அப்பால் இருக்கும் பொறியியல் பீடத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல உருப்படி ஒன்று கேட்டால், சென்னைப் பக்கமே கை நீளும்.

1996இல் ஸ்ரீதர் வேம்புவும் டோனி தாமஸும் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம் கால் ஊன்றியது வலையமைப்பு மேலாண்மையில்தான். 2009இல் அந்தச் சென்னை நிறுவனம் ஸோஹோ ஆனது. அதன் ஆப்மேனேஜர் என்ற மென்பொருள், ரவுட்டரும் சேர்வரும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று இரவு பகலாய்ப் பார்க்கும் காவலாளி. எல்லாச் சாவிகளும் இருப்பது அவனுடைய இடுப்பில்.

2014 செப்டெம்பரில் பெத்ரோ ரிபெய்ரோ என்ற ஆய்வாளர் இதில் ஒரு விரிசலை வெளியிட்டார். பல இடங்களில் சேகரித்த தகவல் மைய சேர்வருக்குக் கோப்பாக வரும். வாங்கிவைப்பது ஃபைல்கலெக்டர் என்ற சிறு நிரல். எந்த அடைவில் வைப்பது என்பதை, அனுப்புபவர் தரும் பிராந்தியக் குறியீட்டை வைத்தே அது முடிவுசெய்தது. அந்தக் குறியீட்டில் இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் இருந்தால்? ஓர் அடைவு மேலே ஏறும். இன்னும் இரண்டு புள்ளி, இன்னோர் அடைவு.

இதுவரை பழைய வித்தைதான். நயம் இனித்தான்.

ஏறிப்போன கோப்பு, ஜாவா வலைச்செயலிகளைக் கட்டிவைக்கும் வார் வகையைச் சேர்ந்ததாக இருந்து, அவற்றை ஓட்டும் சேர்வரான டாம்கேட் தன் செயலிகளை வைக்கும் அடைவில் விழுந்தால், டாம்கேட் தானே அதைப் பிரித்து ஓட்டிவிடும். அது குறையல்ல, வசதி. ஆப்மேனேஜரில் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. எதையும் உடைக்காமல், ஒவ்வொரு பகுதியும் தன் கடமையைச் செய்தபடியே கோட்டை கைமாறுகிறது.

அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்ப்ளீடு என்ற ஓட்டைக்குத் தனி இலச்சினையே இருந்தது. இதற்குக் கிடைத்தது ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஈ-2014-6034 என்ற எண் மட்டும். கைத்திறனை மட்டும் எடைபோட்டால் இது ஒன்றும் இளைத்ததல்ல.

அடுத்த எண்ணான 6035 இன்னும் சுவையானது: அதே ஃபைல்கலெக்டர், அதே இரண்டு புள்ளிகள்; இம்முறை கோப்பின் பெயருக்கான இடத்தில். ஒரு பெட்டியில் புள்ளிகளைத் தேடி அழிப்பது அரைகுறை வேலை என்பது இங்கே அம்பலமாகிறது. தேர்ந்த கை வேறு மாதிரி தைக்கும். எல்லாத் துண்டுகளையும் சேர்த்து முழுப் பாதையைக் கணக்கிட்டு, அது ஒதுக்கப்பட்ட அடைவுக்குள்தான் முடிகிறதா என்று பார்த்த பிறகே முதல் பைட்டை எழுதும்.