முதுமைக்கு நடை மட்டும் போதுமா?

“காலாற நடங்கள், மனம் தெளியும்” என்பது அறுபதைக் கடந்தவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை. அறிவுரை சரியானதே, ஆனால் எங்கே நடப்பது என்பதை அது சொல்வதில்லை. திறந்தவெளி உடற்பயிற்சியால் முதியோர் மனத்துக்குக் கிடைக்கும் நன்மையில் உழைப்புக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் பங்குண்டு. அதை மறந்தால் பொறுப்பு முழுவதும் முதியவர் தலையில் விழுகிறது.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களிடம் உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாகக் காணப்பட்டன. முதியோரிடமும் இதே போக்குதான். நலமாக இருப்பவர்கள்தானே வெளியே போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; இத்தகைய கணக்கெடுப்பு அதற்கு விடை தராது. 2018-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட லண்டன் சோதனை ஓரளவு விடை தருகிறது. 60 வயதைக் கடந்த 119 பேர் ஹைட் பூங்காவிலும், வாகனப் புகை மிகுந்த ஆக்ஸ்போர்டு தெருவிலும் வெவ்வேறு நாளில் இரண்டு மணி நேரம் நடந்தார்கள். பூங்கா நடையில் நுரையீரலுக்குக் கிடைத்த பலன் தெருவில் பெருமளவு குறைந்தது. நடந்தவர்கள் அவர்களேதான், மாறியது இடம். இது உடலை அளந்த சோதனை. மனத்தைப் பொறுத்தவரை, இயற்கையில் 90 நிமிடம் நடந்தவர்களிடம் கவலையையே திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்ததாக 2015-இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் முதியோர் அல்லர். ஆகவே திசை தெரிகிறது. முடிந்த முடிவு என்று சொல்வதற்கில்லை.

வெயிலும் குண்டும் குழியுமான பாதையும் ஆபத்தானவை, வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யலாமே என்பது அடுத்த மறுப்பு. தசை வலிமைக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் வீட்டுப் பயிற்சி உதவும். ஆனால் நாலு பேரோடு பேசும் வாய்ப்பை, தனிமை அகலும் பொழுதை அது தருவதில்லை. பாதை ஆபத்தானது என்றால் பாதையைத்தான் திருத்த வேண்டும். முதியவரை வீட்டில் அடைப்பது தீர்வாகாது. அதே சமயம், மனச்சோர்வு நோயில் எழவே முடியாமல் கிடப்பவரிடம் “நடந்தால் சரியாகிவிடும்” என்பது அவர்மீதே பழிபோடுவதாகும். நடை சிகிச்சைக்குத் துணை, மாற்று அல்ல.

தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்தது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் 8 கிலோமீட்டர் என்பது உடல் உரத்தோடு இருப்பவர்களுக்கான அளவு. முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்குத் தேவை, வீட்டுக்கு அருகில் மரநிழலில் அரை கிலோமீட்டர் சமதளப் பாதை, இடையிடையே சாய்மான இருக்கை, சுத்தமான கழிப்பறை. உள்ளாட்சி அமைப்புகள் வார்டுக்கு ஒன்றாக அதை அமைத்துத் தரட்டும். அதற்குப் பிறகு முதியோருக்கு அறிவுரை சொல்லலாம்.