தொடர்புறும் வரிசைமுறைச் செயல்கள் (நூல்): ஒரு மதிப்பீடு

தொடர்புறும் வரிசைமுறைச் செயல்கள் (கம்யூனிகேட்டிங் சீக்வென்ஷியல் பிராசசஸ்) என்பது, கொழும்பில் 1934-இல் பிறந்த பிரித்தானியக் கணினி அறிவியலாளர் டோனி ஹோர் எழுதி 1985-இல் வெளிவந்த நூலாகும். இதே தலைப்பில் அவர் 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். ஒரே நேரத்தில் இயங்கும் பல செயல்களைக் கணிதமாக எழுதி, செய்திப் பரிமாற்றத்தால் இணைப்பது எப்படி என்பதே நூலின் பொருள்.

முறை

ஒரு செயல் எந்த நிகழ்வுகளை எந்த வரிசையில் செய்யும் என்பதே அதன் வரையறை. இரண்டு செயல்களை இணைத்தால், இரண்டுக்கும் பொதுவான நிகழ்வு இரண்டும் ஆயத்தமாக இருக்கும்போதுதான் நடக்கும். நூலில் ஒரு விற்பனை இயந்திரம் வருகிறது. ஒரு பென்னியைப் போட்டுவிட்டுப் பெரிய பிஸ்கட்டையே எதிர்பார்க்கிறார் ஒரு வாடிக்கையாளர். அதற்கு இயந்திரம் கேட்பதோ இரண்டு பென்னி. இருவரும் அப்படியே நின்றுவிடுகின்றனர். இதுவே டெட்லாக் எனப்படும் முட்டுக்கட்டை.

நிறைகள்

டைக்ஸ்ட்ரா உருவாக்கிய உணவுமேசைச் சிக்கலை விளக்கும் பகுதி நூலின் சிறப்பு. வட்டமேசையில் 5 தத்துவஞானிகள், 5 முள்கரண்டிகள். உண்பதற்கு ஒருவருக்கு இரண்டு வேண்டும். தனித்தனியே எவரிடமும் பிழையில்லை. ஐவரும் ஒரே சமயத்தில் இடப்பக்கக் கரண்டியை எடுத்தால் எவரும் உண்ண முடியாது. ஒருவருக்கு 6 நிலைகள், ஒரு கரண்டிக்கு 3 நிலைகள் எனக் கணக்கிட்டால் மொத்தச் சேர்க்கைகள் 18 லட்சத்தைத் தாண்டும். ஒரே நேரத்தில் நால்வரை மட்டும் அமரவிடும் பணியாளரைச் சேர்த்தால் முட்டுக்கட்டை நேராது என்பதை, இத்தனையையும் எண்ணிப் பார்க்காமலே ஹோர் நிறுவுகிறார். உறுப்புகள் சரியாக இருப்பதால் மட்டும் முழுமை சரியாகிவிடாது என்பதை இதைவிட எளிதாகச் சொல்வது கடினம்.

குறைகள்

நிகழ்வுகளின் வரிசையை நூல் சொல்கிறது. இடையே எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. திட்டமிட்டு ஏமாற்றும் மூன்றாம் ஆளையும் அது தனியே ஆராயவில்லை. இக்குறையின் அளவைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. இருவர் ஒருவரையொருவர் அடையாளம் உறுதிசெய்துகொள்ள, நீடாம், ஷ்ரோடர் இருவரும் 1978-இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டனர். அதன் பொதுத்திறவி வடிவில் இருந்த ஓட்டையை 1995-இல் காவின் லோ வெளிப்படுத்தினார். தொடர்ந்து, ஊடுருவுபவரையும் ஒரு செயலாக ஹோரின் முறையிலேயே எழுதிச் சேர்த்தபோது, எஃப்.டி.ஆர். என்னும் சரிபார்ப்பு மென்பொருள் அத்தாக்குதலைக் கண்டுபிடித்தது. பதில் அனுப்புபவரின் பெயரை இரண்டாம் செய்தியில் சேர்த்ததே திருத்தம்.

முடிவு

17 ஆண்டுகள் மறைந்திருந்த பிழையை வெளிக்கொணர உதவியது இம்முறையின் வெற்றி. ஆயினும் திருடனை மாதிரியில் சேர்க்க வேண்டும் என்று கணிதம் சொல்லவில்லை. மனிதர்தான் நினைத்துச் சேர்த்தார். நிறுவலைத் தொடங்குமுன், யாரெல்லாம் இந்த மாதிரியில் விடுபட்டிருக்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்டுப் பழகினால் இந்நூலின் முழுப் பயனையும் பெறலாம்.